குட்டி போட்ட மரவட்டை

பள்ளி ஊர்வலத்துக்காக அந்த மரவட்டையைத் தைத்தார்கள். முப்பது அடி நீளத் துணி. உள்ளே பன்னிரண்டு பிள்ளைகள். கால்கள் தாளம் தப்பாமல் நடக்க வேண்டுமென்று அறிவியல் டீச்சர் எல்லாருடைய வலது கணுக்காலையும் ஒரே கயிற்றில் கோத்துவிட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஏழாவதாக நின்றவன் இடி. பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்தார்கள். அவன் தும்மியதைக் கேட்டபிறகு அந்தப் பெயரை யாரும் தொடவில்லை. அவன் தும்மினால் தெருக்கோடியில் தூங்கும் நாய் எழுந்து, கூப்பிட்டது யாரென்று பார்க்கும். மிகையில்லை, நாயே சாட்சி.

ஒத்திகையில் இடி தும்மினான். கால் வழுக்கியது. கயிறு முன்னால் நின்றவளை இழுத்தது, அவள் தனக்கு முன்னால் நின்றவனை இழுத்தாள். பன்னிரண்டு பேரும் சுருண்டு கிடந்தார்கள். நிஜ மரவட்டைகூட அவ்வளவு நேர்த்தியாகச் சுருளாது.

மூன்றாவது முறையும் விழுந்ததும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலு மணிக்கு ஊர்வலம். இடி, நீ உக்காந்து பாருப்பா. அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம்."

இடி குற்றவாளியைப் பிடிப்பதுபோல் தன் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

நான்காவதாக நின்றவள் அவனுடைய அக்கா. அவனைக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள்.

"மூக்கை விடுடா. கையோட வந்துடப்போகுது."

"நானென்ன வேணும்னா தும்மறேன்?"

குழாயடிச் சுவரோரம் ஒரு நிஜ மரவட்டை போய்க்கொண்டிருந்தது. நடுவில் நாலைந்து கால்களைக் காணோம்.

"பாவம்க்கா."

"என்ன பாவம்? நம்மளைவிட வேகமாப் போகுது."

அக்கா குந்தி உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள். உடம்பு முழுக்க வளையங்கள். ஒரு வளையத்துக்கு நாலு கால். நடுவில் கால் இல்லாததைப் பற்றி மற்ற கால்கள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. அவள் எழுந்து ஓடினாள்.

"டீச்சர், கயிறை அறுத்துட்டு ரெண்டு ரெண்டு பேரா கட்டலாம். நாலு காலு, ஒரு வளையம். துணியையும் ஆறா வெட்டிடலாம்."

"வெட்டறதா? உங்கப்பா மூணு நாளா தைச்சதும்மா."

"அவருகிட்ட நான் பேசிக்கறேன்."

தையல்காரரான அப்பா அதற்குச் சொன்ன பதில் சிறுவர் கதையில் எழுதக்கூடியதல்ல. ஆனாலும் கத்தரிக்கோலோடு வந்தார்.

வளையங்களை முதலில் ஊக்கால் இணைத்தார்கள், குத்தியது. நாடாவால் முடிந்தார்கள்; ஒன்று விழுந்தால் அடுத்ததும் விழுந்தது. கடைசியில் பிரஸ் பட்டன். வெடுக்கென்று இழுத்தால் தானே விட்டுக்கொண்டது. விழுந்ததை விட்டார்கள், நடந்ததை வைத்துக்கொண்டார்கள்.

டீச்சர் வியந்துபோனார். "உயிரினங்களும் இப்படித்தான் பகுதி பகுதியா மாறி வந்துச்சு. ஆனா அதுக்குக் கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு."

"நமக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு டீச்சர்," என்றாள் அக்கா.

நாலு மணி. மைதானத்தில் மேடைக்கு நேர் எதிரே இடிக்கு மூக்கு அரித்தது. தும்மினான். டப், டப் என்று பட்டன்கள் விட்டன. இடியும் அவன் ஜோடியும் குப்புற விழுந்தார்கள். முன்னால் மூன்று வளையங்கள் நடந்துகொண்டே இருந்தன. பின்னாலிருந்த இரண்டும் சுற்றிவந்து அவற்றோடு பட்டன் போட்டுக்கொண்டன.

இடியும் ஜோடியும் எழுந்து, நாலு காலோடு பின்னால் ஓடினார்கள்.

கூட்டத்தில் ஒரு வாண்டு சொன்னது: "அம்மா, மரவட்டை குட்டி போட்டிருக்கு."

மைதானமே கைதட்டியது. அக்கா தம்பியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வந்தாள்.

"இருக்கட்டும்க்கா," என்றான் இடி. "குட்டி கொஞ்சம் விளையாடிட்டு வரும்."

குட்டி மேடையை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வந்தது.