இருபதாவது சிவப்பு

முப்பத்திரண்டு பச்சை, ஒரு சிவப்பு.

மணிக்கட்டுத் திரையைப் பார்த்துவிட்டுத் தணிகைவேல் புத்தகத்தை மூடினான். எட்டாம் வகுப்பு, அறிவியல், வெப்பம் பரவும் விதம். பதினேழு நிமிடத்தில் வகுப்பு பச்சையாகிவிட்டது. விதிப்படி பாடம் முடிந்தது.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சா...ர்!"

இந்தக் கேள்வி இப்போது தேவையே இல்லை. பயிற்சி ஆசிரியர் கையேடு அதைக் கேட்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் காதுமடலிலும் ஒரு பட்டை இருக்கிறது. அது நாடியையும் தோலின் ஈரத்தையும் பார்க்கும். மேசை முனையில் பொருத்திய புரிமானி கண்ணைப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து ஒரு விளக்கை எரிய வைக்கும். பச்சை என்றால் புரிந்தது, மஞ்சள் என்றால் அரைகுறை, சிவப்பு என்றால் இல்லை. வாய் சொல்வதை அது கேட்பதில்லை. 'வாய் பொய் சொல்லும், உடல் சொல்லாது' என்று எல்லாப் பள்ளிச் சுவர்களிலும் புரிதல் வாரியம் எழுதி வைத்திருக்கிறது. ஆனாலும் அவனுக்குப் பழக்கம் விடவில்லை. பிள்ளைகளுக்கும்தான்.

சிவப்பு, மூன்றாம் வரிசை எஸ்தருடையது. கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், சூடான காத்து மேல போகும்னீங்க."

"ஆமா."

"அப்ப மேலதான சார் சூடா இருக்கணும்? ஏலகிரி மேல ஏன் சார் குளுருது?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏலகிரில அவ மாமா வூடு இருக்குது சார். டூர் இட்டுனு போவச் சொல்றா!"

வகுப்பு சிரித்தது. எஸ்தர் திரும்பி, "உன்னை மட்டும் இட்டுனு போவ மாட்டாங்க, போடா" என்றாள். கை இறங்கவில்லை.

தணிகைவேலுக்குப் பதில் தெரியும். இயற்பியலில் முதுகலை படித்தவன். சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் பேச அவனிடம் தெம்பு இல்லை.

"அது மேல் வகுப்புல வரும்மா" என்றான். மணி அடித்தது.

திரையில் ஒரு வரி தோன்றியது. எஸ்தர், அறிவியல், தொடர் சிவப்பு: 19.

இருபது ஆனால் கைத்திறன் பிரிவு. பழைய அரிசி ஆலைக் கட்டடத்தில் நடக்கிறது. தோல் வெட்டவும் தைக்கவும் சொல்லித் தருவார்கள். அங்கே அறிவியல் இல்லை. போனவர்கள் திரும்ப வந்ததும் இல்லை. பள்ளிக்கு வராமல் இருந்து தப்பலாம் என்றால், வராத நாளும் சிவப்பாகவே பதிவாகும்.

அடுத்த அறிவியல் வகுப்பு வெள்ளிக்கிழமை. அன்று செவ்வாய்.

ஆசிரியர் அறையில் ஜான்சன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனும் பயிற்சி ஆசிரியன், தணிகைவேலுக்கு ஏழு வயது இளையவன். வகுப்புக்கு பலூன், மெழுகுவர்த்தி, மண்பானை என்று மூட்டை கட்டிக்கொண்டு போவான். பிள்ளைகள் அவனை விடமாட்டார்கள், மணி அடித்த பிறகும் வராந்தா வரை கேட்டுக்கொண்டே வருவார்கள்.

"நாப்பத்தொரு பர்சென்ட்ண்ணா. தொண்டை கிழியக் கத்தினேன். பாதி கிளாஸ் சிவப்பு. உங்களுக்கு?"

"தொண்ணூத்தேழு."

"எப்படிண்ணா? நீங்க பேசறது கரண்ட் ஆபீஸ்ல நாளைக்கு மின்தடைனு படிக்கிற மாதிரி இருக்குது. கோச்சுக்காதீங்க. எழவு வீட்ல கூட இதைவிடக் கொஞ்சம்..."

நிறுத்தினான். முகம் சுண்டிப்போயிற்று.

"சாரிண்ணா."

"பரவால்ல."

உண்மையாகவே பரவாயில்லை. பதினான்கு மாதமாக எதுவும் அவனுக்குப் பரவாயில்லைதான். மனைவி ஹேமலதா போன பிறகு சென்னை வேலையை விட்டுவிட்டு அறையிலேயே கிடந்தான். அண்ணி ஒருநாள் ஆசிரியர் பயிற்சி விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டுவந்து நீட்டினாள். கையெழுத்துப் போட்டான். வேறு எதை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பான்.

மாவட்டத்திலேயே அவனுக்குத்தான் அதிகப் பச்சை. அவனுடைய சாதனை பதினோரு நிமிடம். அன்று அவளுக்கு வருஷத் திவசம். விடுப்பு எடுக்கத் தோன்றவில்லை. புத்தகத்தை எடுத்து, தலை நிமிராமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தான். நிமிர்ந்து பார்த்தபோது ஒன்றைத் தவிர எல்லாம் பச்சை. அதன் பிறகுதான் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை மண்டலக் கூட்டத்தில் தன் கற்பித்தல் முறையைப் பற்றி அவன் பேச வேண்டுமாம்.

புதன்கிழமை மதியம் எஸ்தரின் அம்மா லீலா வந்தாள். ஷூ கம்பெனி சீருடையிலேயே வந்திருந்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது.

"எம் பொண்ணு மக்கா சார்?"

"இல்லம்மா."

"அப்ப அந்த லைட்டு பொய் சொல்லுதா?"

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"வூட்ல தூங்க வுட மாட்டா சார். குக்கர் ஏன் விசிலடிக்குது, ஃபேனு காத்து ஏன் சில்லுனு வருதுன்னு நச்சரிப்பா. எனக்கு என்னா தெரியும்? ஆனா ஒண்ணு. நான் பாக்கற வேலையைக் கத்துக்க அவ எதுக்கு சார் ஸ்கூலுக்கு வரணும்? அத நானே சொல்லித் தந்துட்டுப் போறேன்."

அவள் போன பிறகு எஸ்தரைக் கூப்பிட்டான். வகுப்பறை காலியாக இருந்தது. புரிமானியைப் பதிவாகாத நிலைக்கு மாற்றிவிட்டு, வாசலில் நின்ற ஜான்சனின் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான்.

"வால்வுகிட்ட விரலை வை."

காற்றைத் திறந்துவிட்டான்.

"ஐ! சில்லுனு வருது சார்!"

"டயருக்குள்ள நெருக்கமா இருந்துச்சு. வெளிய வந்ததும் என்ன பண்ணுது?"

அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். விளக்கு சிவப்பாக இருந்தது.

"விரியுது. விரியறதுக்குத் தெம்பு வேணும்ல சார். அந்தத் தெம்பு அதோட சூட்டுலருந்துதான் போவுதா?" கண்கள் பெரிதாயின. "சார்! ஏலகிரி மேல காத்து கம்மி. கீழருந்து சூடா போற காத்து மேல போவப் போவ விரிஞ்சுக்கினே போவுது. அதான் ஆறிடுது. கரெக்டா சார்?"

சரி. அவனே சொல்லியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டான். விளக்கைப் பார்த்தான். ரத்தச் சிவப்பு.

"அப்ப சார், கீழ இறங்கற காத்து சூடாவுமா? அதான் அந்தாண்ட பக்கம்..."

"எஸ்தர், லைட்டைப் பாரு."

பார்த்தாள். அந்த முகம் அப்படியே அணைந்தது. தோள் இறங்கியது.

"விடுங்க சார்" என்றாள். "புரிஞ்சுது சார். நான் போறேன்."

விளக்கு பச்சையானது.

தணிகைவேல் அந்தப் பச்சையைப் பார்த்தபடி நின்றான். அந்தத் தோளை அவனுக்குத் தெரியும்.

மருத்துவமனையின் நான்காம் மாடி. மருத்துவர் ஒரு தாளில் சிறுநீரகமும் அம்புக்குறிகளும் வரைந்து, ஹேமலதாவுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று விளக்கினார். நல்ல மனிதர். இரண்டு முறை விளக்கினார். புரிஞ்சுதா தம்பி என்று கேட்டார். புரிஞ்சுது டாக்டர் என்றான். ஒன்றும் புரிந்திருக்கவில்லை. அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது, அவ்வளவுதான். கேட்க ஒரு கேள்வி இருந்தது. கேட்டால் இன்னும் கொஞ்ச நேரம் அங்கே உட்கார வேண்டியிருக்கும். அன்று காதில் பட்டை மாட்டியிருந்தால் பளிச்சென்று பச்சை எரிந்திருக்கும்.

அன்று மாலை ஜான்சனும் அவனும் புரிமானியின் தொழில்நுட்பக் கையேட்டைத் திறந்தார்கள். நானூறு பக்கம். யாரும் படிப்பதில்லை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அது இருந்தது, ஒளிவுமறைவு இல்லாமல்.

எந்த உடற்குறி புரிதல் என்பதைக் கருவிக்கு யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்காகப் பதினோராயிரம் வகுப்புகளைப் படம்பிடித்திருந்தார்கள். ஆசிரியர் 'புரிந்ததா' என்று கேட்டு, மாணவர்கள் 'புரிந்தது' என்று சொன்ன கணங்களை எல்லாம் புரிந்த கணங்கள் என்று குறித்திருந்தார்கள். மாணவர்கள் கேள்வி கேட்ட கணங்கள் புரியாத கணங்கள்.

ஜான்சன் இரண்டு முறை படித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியவில்லை.

"இதை செஞ்சவங்க எல்லாம் நம்ம ஊர்ப் பசங்கதாண்ணா. பேரைப் பாருங்க. அவங்களும் ஒண்ணாங் கிளாஸ்லருந்து 'புரிஞ்சுது சார்'னுதான கத்தினாங்க? ஒருத்தனுக்குக் கூடவா ஞாபகம் வரல?"

"வராது."

"அப்ப இந்த மெஷின் என்னதாண்ணா அளக்குது?"

"ஆளை விட்டா போதும்ங்கறதை."

வியாழக்கிழமை கூட்டத்தில் ஏழு பேர் இருந்தார்கள். வாரியக் கூட்டங்களிலும் இப்போது காதுப்பட்டை கட்டாயம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு விளக்கு. மண்டல இயக்குநர் சுகுமாரன் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

தணிகைவேல் தன் கற்பித்தல் முறையைப் பற்றிப் பேசவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திரையில் போட்டான். எஸ்தரைப் பற்றிச் சொன்னான், சைக்கிளைப் பற்றிச் சொன்னான். இதைச் சரிபார்க்கும் வரை அந்த மாணவியின் இடமாற்றத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்டான். பல மாதங்களில் புத்தகத்தைப் பார்க்காமல் அவன் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

ஐந்தாம் நிமிடத்தில் ஓரத்தில் இருந்த ஒரு பெண் அதிகாரி முன்னால் குனிந்தார். அவர் விளக்கு சிவப்பாயிற்று. "ஒரு நிமிஷம். அப்படின்னா மூணு வருஷமா நாம கைத்திறன் பிரிவுக்கு அனுப்பின பிள்ளைங்க எல்லாம்..."

பக்கத்து விளக்கும் சிவந்தது. பிறகு இன்னொன்று. தணிகைவேல் மேசையை நோக்கி ஓரடி முன்னால் வந்தான்.

அறைக்கு வெளியே சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிரியாணி வாசனை உள்ளே வந்தது. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். பெண் அதிகாரி இயக்குநரைப் பார்த்தார். பிறகு தன் கோப்பைப் பார்த்தார். சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதுல்ல?" என்றார் சுகுமாரன்.

"புரிஞ்சுது சார்."

ஏழு பச்சை.

"பாருங்க தம்பி!" இயக்குநர் மேசையைத் தட்டினார். "இவ்வளவு சிக்கலான விஷயம். பதினாலு நிமிஷத்துல ஏழு பேருக்கும் புரிய வெச்சுட்டீங்க. அதைக் கருவி துல்லியமா காட்டுது. அது வேலை செய்யலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"சார், அதைத்தான் நான்..."

"உங்களை மாதிரி ஆள் வகுப்பறைல இருக்கக் கூடாது. மாவட்டத்துல இருக்கற எல்லா ஆசிரியர்களுக்கும் நீங்கதான் பயிற்சி தரணும். உத்தரவு போட்டுடறேன்."

"அந்தப் பொண்ணு?"

"நாளைக்குப் பச்சை வந்தா இருக்கட்டுமே. யார் வேண்டாம்னது?"

வெள்ளிக்கிழமை காலை எஸ்தரை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். இரவு முழுக்க வேறு வழி தேடிப் பார்த்திருந்தான். இல்லை.

"இன்னிக்கு ஒண்ணு சொல்லித் தரேன். புத்தகத்துல இல்லாதது."

"எதைப் பத்தி சார்?" உடனே முகம் மலர்ந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவன் மைதானத்தைப் பார்த்துக்கொண்டான்.

"நான் பாடம் நடத்தும்போது என் வாயைப் பாரு. வார்த்தையைப் பிடிக்காத. பஸ்ல போறப்ப கடை போர்டுங்க போகுமே, அது மாதிரி போகட்டும்."

"கேள்வி வந்தா சார்?"

"வரும். வந்தா, கேட்டு என்ன ஆகப் போகுதுன்னு நினைச்சுக்கோ."

"சும்மா நினைச்சா போதுமா?"

"போதாது. நிஜமாவே நினைக்கணும். சும்மா நினைச்சா உடம்பு காட்டிக் குடுத்துடும்."

அவள் காதுப்பட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது பழக ரொம்ப நாளாவுமா சார்?"

"எனக்கு ஆகல."

அன்று ஒளி எதிரொளிப்பு. அவன் புத்தகத்தைப் பிரித்து, நிமிராமல், முதல் வரியிலிருந்து படித்தான். ஆறாம் நிமிடத்தில் மற்ற விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாக ஆரம்பித்தன. மூன்றாம் வரிசையில் சிவப்பு அப்படியே இருந்தது. கண்ணாடியில் இடம் வலமாக மாறும் என்ற வரி வந்தது. அந்த இடத்தில் யாருக்கும் ஒரு கேள்வி வரும். இடம் வலமாக மாறுகிறதே, தலை ஏன் கீழே போவதில்லை? எஸ்தரின் கை மேசையிலிருந்து எழுந்தது. பாதி தூரம் வந்தது. அவன் படிப்பதை நிறுத்தவில்லை.

கை மடிக்குத் திரும்பியது.

மஞ்சள்.

பத்தாம் நிமிடம். பதின்மூன்றாம் நிமிடம். அவன் கடைசி வரியைப் படித்து முடித்தபோது மணிக்கட்டுத் திரை அதிர்ந்தது. நூறு விழுக்காடு. அவன் இதுவரை பார்த்திராத எண். கூடவே வாரியத்தின் வாழ்த்தும் பயிற்றுநர் பணி நியமன உத்தரவும் வந்திருந்தன. எஸ்தர் பெயருக்கு எதிரே இருந்த பத்தொன்பது அழிந்து பூஜ்யம் ஆகியிருந்தது. அவள் பள்ளியில்தான் இருப்பாள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சா...ர்!"

முப்பத்துமூன்று குரல்கள். அந்தக் கூட்டுக் குரலில் எஸ்தரின் குரல் கலந்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பது போல.

கருவி அன்று ஒருமுறை சரியாகத்தான் காட்டியது. வராந்தாவில் அவன் நடத்திய பாடம் அவளுக்கு முழுசாகப் புரிந்திருந்தது.