கேமராவில் தெரிகிறவள்

பழைய வீடு. சுவரெல்லாம் ஈரம், கதவைத் தொட்டால் முனகும். ஆனால் மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருந்தது. மகளுக்கு மூச்சு முட்டினால் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். அதற்காகவே வேறெதையும் பார்க்காமல் குடிவந்தாள்.

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் அவளுக்கு உதவியாளர் வேலை. கையைக் காலைப் பிடித்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். அதிலும் பிரிவுத் தலைவர் ஒரு கொக்கி போட்டார். அவருக்குக் கழுகு என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

"கேமரா எப்பவும் ஆன்ல இருக்கணும்மா. நாற்காலி காலியா இருந்தா, மறுநாளே ஆபீசுக்கு வந்துடணும்."

ஆபீசுக்குப் போனால் மகளை யார் பார்ப்பது? சளி அடைத்தால் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பிள்ளை கைவிட்டுப் போய்விடும்.

"அம்மா வேலையில இருக்கும்போது சத்தம் போடக்கூடாது, என்ன?" என்று மகளிடம் சொல்லிவைத்தாள். பிள்ளை சமர்த்தாகத் தலையாட்டியது.

இருமல் சொன்ன பேச்சைக் கேட்குமா?

முதல் நாளே அடைத்துக்கொண்டது. வருவது வரட்டும் என்று ஓடினாள். சளியை எடுத்துவிட்டு ஓட்டமாகத் திரும்பினாள். திரையில் கழுகு காத்திருந்தார்.

"பரவாயில்லையேம்மா. காலையிலேர்ந்து அசையாம உட்கார்ந்திருக்கீங்க."

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தாள்.

உட்கார்ந்தாள். நாற்காலி நனைந்து சில்லென்றிருந்தது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த வாரம், மகளிடம் ஓடித் திரும்பியவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய சட்டை நிறத்திலேயே ஒரு முதுகு நாற்காலியிலிருந்து எழுந்து, ஈரச் சுவருக்குள் மறைந்தது.

வேறு யாராக இருந்தாலும் அன்றே வீட்டைக் காலி செய்திருப்பார்கள். அவளுக்குப் போக்கிடம் இல்லை.

"யாரா இருந்தாலும் சரி," என்று சுவரைப் பார்த்துக் கெஞ்சினாள். "எம் பொண்ணு பொழைக்கிற வரைக்கும் எனக்குப் பதிலா உட்காருங்க."

கேட்டிருக்கக் கூடாது.

ஒரு மதியம் மகளுக்கு இருமல் விடவே இல்லை. ஓடிப்போய்ச் சளியை எடுத்து, வாயைத் துடைத்துவிட்டாள். பிள்ளை மிரண்டுபோய் அவளையே பார்த்தது.

"நீங்க யாரு?"

"அம்மாதான்டா கண்ணு!"

பிள்ளை உதட்டில் விரலை வைத்தது.

"சத்தம் போடாதீங்க. அம்மா வேலையில இருக்காங்க."

அடுத்த அறையில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

அவள் அந்த அறைக்கு ஓடினாள். நாற்காலியில் யாரும் இல்லை. பாய்ந்து உட்கார்ந்தாள்.

"சார், நான் இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!"

திரையின் மூலையில் அவளுக்கான சின்னக் கட்டத்தில் வெறும் நாற்காலிதான் தெரிந்தது.

கழுகு கண்ணைச் சுருக்கினார். "நாற்காலி காலியா இருக்கேம்மா. எங்க போனீங்க?"

மகளின் அறையிலிருந்து பதில் வந்தது. அவளுடைய குரலேதான்.

"பிள்ளைக்கு முடியல சார். இதோ வந்துட்டேன்."

சளக், சளக்கென்று ஈரக் காலடிகள் நாற்காலியை நோக்கி வந்தன.