எடை குறையாத லாரி

கும்மிடிப்பூண்டி ஏற்றுமதித் தொழிற்சாலையில் முதல் பெட்டியைத் திறந்த பெண் அலறிவிட்டாள். உள்ளே இறால் இல்லை, ஐஸும் இல்லை. சாக்கில் கட்டிய மணல் இருந்தது. அடுத்த பெட்டியிலும் மணல். லாரியில் வந்த அத்தனை பெட்டியிலும் அதுதான்.

பகல் ஒரு மணிக்கு டிரைவர் சிங்காரம் பொன்னேரி காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பழவேற்காடு பக்கத்து மீனவ ஊரான தோணிரேவுக்காரர். தொலைந்ததும் தோணிரேவு இறால்தான். அவர் மனைவி செல்வம்மாள் பிடித்ததும் அதில் இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் வளர்மதி முன்னால் லேப்டாப்பைத் திருப்பி வைத்தார் ஹரிஹரன். சென்னை சரக்குக் கம்பெனியின் மேனேஜர்.

"எல்லாத்தையும் ஏஐ பாத்துக்கிட்டேதான் இருக்கு மேடம். டிரைவர் கண்ணு சொருகினா கேமரா கத்தும். லாரி அடியில எடை பாக்குற சென்சார் இருக்கு. வழியில சரக்கு குறைஞ்சா உடனே எங்களுக்கு அலர்ட் வரும்."

"இன்னிக்கு வந்துச்சா?"

"வரல. ஆனா பாதி வழியில, காட்டுப்பள்ளி கூட்டுரோட்டுல, வண்டி ரொம்ப நேரம் நின்னிருக்கு. எஞ்சினை அணைச்சா சென்சாரும் அணைஞ்சிடும். கேமராவையும் மூடியிருக்காரு. அங்கதான் மாத்தியிருக்கணும். ஏஐ இவரைத்தான் சொல்லுது. இனிமே எந்த கம்பெனி ஆப்லயும் இவருக்கு லோடு விழாது."

"கேமராவை மூடினது யாரு?" என்றார் வளர்மதி.

"நான்தான் மேடம். துண்டு போட்டேன்."

"எங்க போனீங்க?"

"சொல்ல முடியாது மேடம்."

"மணல்?"

"சத்தியமா தெரியாது. பூட்டுன வண்டிய ஓட்டிக்கினு போனேன், அவ்ளோதான்."

புகார் கொடுத்த மோகன்குமார் குறுக்கிட்டார். பழவேற்காட்டுப் பேக்கிங் கொட்டகையின் சூப்பர்வைசர். "பெட்டி ஏறும்போது ஸ்டிக்கரை கேமரா படிச்சு எண்ணுச்சு மேடம். எல்லாம் சரியா இருந்துச்சு. நானே பூட்டிக் கொடுத்தேன். நம்ம ஆளுனு நம்பினேன், இப்படிப் பண்ணிட்டான்."

வாசலில் நின்ற செல்வம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "யோவ், ஊரே உன்ன திருடன்னு சொல்லுதுயா. எங்க போனேனு வாயத் தொறந்து சொல்லேன்!"

சிங்காரம் மனைவியைப் பார்த்தார். பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டார்.

வளர்மதி எழுந்து முற்றத்தில் நின்ற லாரியில் ஏறினார். பெட்டிகள் மீன் ஏற்றும் வழக்கமான பிளாஸ்டிக் பெட்டிகள், அடியில் ஓட்டை போட்டவை. தரையை விரலால் தொட்டுப் பார்த்தார். புழுதி ஒட்டியது. கீழே குனிந்து, தண்ணீர் வெளியேறும் குழாயையும் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஹரிஹரன், நேத்து எடை எப்படி இருந்துச்சுனு காட்டுங்க."

திரையில் ஒரு கோடு மெல்லச் சரிந்து இறங்கியது. முந்தைய நாள்களிலும் அப்படியே.

"இன்னிக்கு?"

கோடு பழவேற்காட்டிலிருந்து கூட்டுரோடு வரை நேராக ஓடியது.

"கொஞ்சம்கூட குறையல மேடம். அதனாலதான் அலர்ட் வரல. குறையலன்னா நல்லதுதானே?"

வளர்மதி சிங்காரத்தின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"நீங்க எங்க போனீங்கனு கேக்கல. அங்க நிப்பீங்கனு யாருக்குத் தெரியும்? துண்டு போடச் சொன்னது யாரு?"

சிங்காரத்தின் பார்வை தன்னையறியாமல் மோகன்குமாரிடம் போய்த் திரும்பியது. "அவரு எனக்கு நல்லதுதான் பண்ணாரு மேடம். 'போய்ட்டு வா, கேமராவுல துண்டப் போட்டுக்கோ, நான் பாத்துக்கிறேன்'னாரு. அவரக் காட்டிக் குடுக்கக் கூடாதுனுதான்..."

"உங்களுக்குப் பொறி வச்சதே அவருதான்."

மோகன்குமார் நாற்காலியை உதைத்துத் தள்ளி எழுந்தார். கான்ஸ்டபிள் அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். வளர்மதி தொடர்ந்தார்.

"மீன் லாரிக்குப் பின்னாடி பைக்ல போனவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, வழியெல்லாம் மேல தண்ணி தெறிக்கும். ஐஸ் உருகி வடியுது, அதான் எடை தினமும் குறையுது. இன்னிக்கு கூட்டுரோடு வர்றதுக்கு முன்னாடியே குறையல. தரை புழுதியா கிடக்கு, குழாய் காஞ்சிருக்கு. அப்போ பழவேற்காட்டுல ஏறினதே மணல்தான். உங்க ஏஐ திருட்டு போனா எடை குறையும்னு மட்டும் பாத்துச்சு ஹரிஹரன். குறையாம இருந்தா ஏன்னு கேக்கல. கேமராவும் ஸ்டிக்கரைத்தான் எண்ணுச்சு. ஸ்டிக்கரை மணல் பெட்டிக்கு மாத்தி ஒட்டுறது கொட்டகை சாவி வச்சிருக்கிற ஒருத்தராலதான் முடியும்."

மோகன்குமாரின் மச்சான் பொன்னேரி கடைத்தெருவில் ஐஸ் ரூம் வைத்திருந்தார். சாயங்காலத்துக்குள் இறால் அங்கே கிடைத்தது, ஐஸ் கலையாமல்.

டிரைவர் பெயரை ஆப்பில் மறுபடி ஏற்ற மேலிடத்தில் அனுமதி கேட்கவேண்டும் என்று ஹரிஹரன் இழுத்தார். "இங்கயே உக்காந்து கேளுங்க" என்றார் வளர்மதி. அனுமதி வந்தபிறகுதான் லேப்டாப்பை மூட விட்டார்.

நிலைய வாசலில் சிங்காரம் மனைவியிடம் மெல்லச் சொன்னார்.

"காட்டுப்பள்ளிக்குப் போனேன். துறைமுகத்துல டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கனாங்க."

செல்வம்மாளின் முகம் மாறியது. துறைமுகத்தைப் பெரிதாக்கினால் மீன்பிடி போய்விடும், வேண்டாம் என்று தோணிரேவு சனம் பொன்னேரியில் உண்ணாவிரதம் இருந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்தவள் அவள்.

"அதச் சொல்லமாட்டாமதான் திருடன்னு பேர் வாங்கினியா?"

"உன் எதிர்ல எப்படிச் சொல்றது?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேல இன்னா ஆச்சு?"

"தெரியல."

"கெடைக்கட்டும். போவணுமா வேணாமானு அப்ப சண்ட போட்டுக்கலாம். இப்ப ஊருக்கு வா. உன்னத் திருடன்னு சொன்னது யாருனு நான் கேக்கணும்."