ஆள் பலகை

அடுக்கில் நின்ற மரப்பலகையில் ‘பங்காரம்மா, 9.8.1961’ என்று எழுதியிருந்தது. ஜோஸ்லின் தொட்டாள். மை விரலில் ஒட்டியது.

முப்பத்து மூன்று வருட மை. மழைக்கால ஈரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆர்.எஸ்.புரத்தின் அந்தப் பழைய நூலகத்தில் முறை எளிமையானது. அடுக்கிலிருந்து புத்தகம் எடுப்பவர், அது இருந்த இடத்தில் தன் பெயரும் தேதியும் எழுதிய மெல்லிய மரப்பலகையைச் செருக வேண்டும். புத்தகம் திரும்பி வந்ததும் காவலர் செங்கோடன் அதை இடத்தில் வைத்துப் பலகையை உருவுவார். மாலை ஆறு மணிக்கு வரிசை வரிசையாகப் பார்த்து வருவார். பலகை நின்றால் ஆள் உள்ளே. இல்லையென்றால் ஆள் போயாயிற்று. அதனால் அவர் வாயில் அது ‘ஆள் பலகை’.

“பலகையை மட்டும் நீங்க உருவிப்போடாதீங்க அம்மணி. அது என்ற வேலைங்க,” என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

“உருவினா வேலைய உட்டுத் தூக்கிருவாங்களா?”

“என்னையத் தூக்க மாட்டாங்க,” என்றார், சிரிக்காமல்.

ஆய்வேட்டைக் கொடுக்க நாளைதான் கடைசி நாள். தட்டச்சு செய்த கட்டு, வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு ஒப்படைத்த பையில் இருந்தது. ஒரே ஒரு அடிக்குறிப்புதான் பாக்கி: பிளேக் முகாம் பதிவேட்டின் பக்க எண். அந்தப் பதிவேடு அடுக்கில்தான் இருந்தது; அது திரும்பி வந்த பிறகும் பங்காரம்மாவின் பலகை பக்கத்திலேயே நின்றது. பதிவேட்டை எடுத்ததும் பக்கத்துப் புத்தகங்கள் நெருங்கிக்கொண்டன; இன்னொரு பலகைக்கு இடமில்லை. மணி ஐந்தே முக்கால். பழையதை உருவிக் கீழே வைத்தாள். தன் பெயரை எழுதிச் செருகினாள்.

அடுத்த வரிசையில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

பூச்சி மருந்தும் பழைய பசையும் கலந்த நெடிக்கு நடுவே, வாடிய கனகாம்பரமும் சீயக்காயும் மணக்க, வெறுங்கால்கள் சிமெண்டுத் தரையில் முதலில் தடுமாறி, பிறகு நடை பழகியதுபோல் சீராக, வாசலை நோக்கிப் போயின. ஜோஸ்லின் எட்டிப் பார்த்தாள். மெல்லிய வாயில் துணிப் புடவை கட்டிய முதுகு. பின்னலெல்லாம் தூசி.

பின்னாலேயே நடந்தாள். வரிசையின் முனைக்கு வந்தாள். அதற்கு மேல் கால் எழவில்லை.

“கிளம்பிட்டீங்களா, ஜோஸ்லின் அம்மணி?” செங்கோடனின் குரல்.

“ஆமாங்க. நாளைக்குக் கடைசி நாளுங்க.”

அது அவளுடைய குரல். அவள் வாய் திறக்கவில்லை.

உள்ளங்கையை விரித்தாள். பைக்கான டோக்கன் இல்லை. வாசல் மேசையில், தூசி படிந்த கை அதை நீட்டியது. பையை வாங்கிக்கொண்டது.

“செங்கோடண்ணா.” கத்தினாள். அவளுக்கே கேட்கவில்லை.

அவர் விளக்குகளை அணைத்தபடி வந்தார். ஒரு வரிசை. இன்னொன்று. அவளைக் கடந்து போனார். காற்று கடந்ததுபோல. பதிவேட்டின் முன் நின்றார். அது மறுபடி அடுக்கில் இருந்தது. அவள் கையில் எதுவும் இல்லை.

“அந்தப் பலகை யாருதுங்க?” வாசலிலிருந்து அவள் குரல் கேட்டது.

“தெரியலைங்க. நான் வேலைக்கு வந்த நாள்லருந்து நிக்குது.” ஜோஸ்லின் எழுதிய பெயர் ஈரத்தில் கலைந்திருந்த பலகையைத் தொட்டவர், விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “மைதான் காயவே மாட்டேங்குது.”

கடைசி விளக்கையும் அணைத்தார்.