கம்பம் சுமந்த துரை

சுடலைமுத்துவின் வலத்தோள் தீப்பட்டதுபோல் எரிந்தது. சிற்றாற்று நீரில் வெள்ளியை உருக்கி ஊற்றியபடி நிலவு எழுந்ததையும், நாணற்பூக்கள் வெண்சாமரம் வீசியதையும், கருமலைக் கோட்டையின் கொத்தளங்கள் அந்தியில் கறுத்து நின்றதையும் வாசகர்களே, நாம் கண்குளிரக் காணலாம். பல்லக்குச் சுமந்த சுடலைமுத்துவுக்குத் தெரிந்ததோ, முன்னால் போகிறவனின் வியர்த்த முதுகு மட்டுமே.

"ஏலே, உள்ள இருக்கது துரையா, நெல்லு மூட்டையா?" என்றான் பக்கத்தில் வந்தவன்.

"துரைதாம்ல. மூட்டைன்னா பேசாம வரும்."

உள்ளே வில்லியம் துரை பேசிக்கொண்டுதான் வந்தான். லண்டன் மாநகரின் பெரிய சபையில் அவன் பாட்டனார் இருந்து தேய்த்த ஆசனத்தை இப்போது தந்தையார் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு தேய்க்கும் முறை அவனுடையது. அதற்குப் பயிற்சியாக, வழிநெடுகிலும் வாக்குறுதி வழங்கிக்கொண்டு வந்தான். பல்லக்குத் தூக்கிகளுக்கு ஆளுக்கொரு குதிரை!

"அந்தக் குதிரையையும் நம்ம தோள்லதாம்ல ஏத்துவாவ," என்றான் சுடலைமுத்து.

கோட்டைக்குள், மெல்லிய திரைக்கு அப்பால் வீற்றிருந்தார் இளம் அரசி முத்துவீராயி நாச்சியார்.

"கும்பினியார் எம் கோட்டையை இடிக்க நாள் குறிக்கிறார்கள். தங்கள் சபையில் எமக்காக ஒருவர் எழுந்து பேசினால் தடுக்கலாம்."

திரையினூடே தெரிந்த கரிய விழிகளில் துரை தொலைந்துபோனான். முன்ஷியிடம் கற்ற செந்தமிழ் மடைதிறந்தது.

"தேவி! பேசுவேன்! கோட்டை என்ன, கீழைக்கடலையே தங்களுக்கு எழுதித் தருவேன்!"

"கடல் இருக்கட்டும். எம் குலமுதல்வர் பல்லக்குச் சுமந்தவர். ஆகவே இங்கே வாக்களிப்பவர் எவரும் பல்லக்குக் கம்பத்தைத் தோளில் ஏற்றி, ஆற்றங்கரைவரை நடந்தே வாக்களிப்பது வழக்கம்."

வெறும் பல்லக்கு, வெறும் சடங்கு என்று எண்ணிய துரை, வெல்வெட் அங்கியைக் கழற்றிவிட்டு முன்கம்பத்தில் நின்றான். உயரம் ஒத்தவர்களைத்தான் ஒரு கம்பத்தில் போடுவார்கள் என்பதும், நெட்டையன் தோளில்தான் பாரம் இறங்கும் என்பதும் அவனுக்கு யார் சொன்னார்கள்?

கோட்டை வாசலைத் தாண்டுமுன் அவன் வாக்குறுதிகளிலிருந்து கடல் போயிற்று. தென்னந்தோப்பருகே குதிரைகள் போயின.

"மூச்சப் பிடிக்காதீக துரை. முழங்கால லேசா மடக்குங்க," என்றான் பின்னால் வந்த சுடலைமுத்து.

பாதிவழியில், மருதமரத்தடியில், பல்லக்கின் திரை விலகியது. உள்ளே இருந்தவர் நாச்சியாரேதான்!

"இப்போது சொல்லும். என்ன செய்வீர்?"

செந்தமிழ் அவனைக் கைவிட்டது.

"ஒரு தடவ... எந்திரிச்சுப் பேசுவேன். அம்புட்டுதான் முடியும் தாயே!"

"இன்று நீர் சொன்னவற்றில் இதுவொன்றே மெய்," என்று நகைத்தார் நாச்சியார். கம்பம் இறங்கியது. துரை மணலில் அப்படியே உட்கார்ந்தான்.

விடிந்ததும் அவனை ஏற்றிய ஓடம் மறைந்தது. சுடலைமுத்து கேட்டான்:

"தாயே, பேசுவாராக்கும்?"

"கம்பம் தோளில் இருந்தவரை பேசியிருப்பார். நீ மதிலுக்குக் கல் ஏற்றச் சொல்."

நாச்சியார் மதிலை உயர்த்தினார். கும்பினிப் படை இருமுறை வந்து திரும்பியது. மூன்றாம் முறை திரும்பவில்லை, கோட்டை இடிந்தது.

வில்லியம் துரை ஆசனம் ஏறினான், அமைச்சனும் ஆனான். சாராய வரி பற்றிப் பேசினான், வேட்டை நாய்கள் பற்றி ஒரு பகல் முழுதும் பேசினான். தோள் நோகிறதென்று வைத்தியம் செய்துகொண்டதாகவும் கேள்வி. நாற்பதாண்டுக்குப் பின் தன் மகனை அதே ஆசனத்தில் அமர்த்திவிட்டு ஓய்ந்தான்.

கருமலைக்கு அவன் தர வேண்டிய ஒரு பேச்சு இன்னும் பாக்கி.