கண்ணம்மை ஆச்சியின் மைக்

திருமயம் தாண்டி உள்ளே போகும் சாலையில், பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளுக்கு நடுவே ஒரு வீட்டின் முன்னால் காரை நிறுத்தினான் கோபிநாத். நல்ல உச்சி வெயில். பின் இருக்கையிலிருந்து ஸ்பீக்கரையும் ஸ்டாண்டுகளையும் இறக்கும்போது அவன் கை பரபரத்ததை மனைவி பிரகதீஸ்வரி கவனித்தாள். கல்யாணம் பேசி முடித்த புதிதில் அவளைப் பார்க்க வரும்போது அவனிடம் இருந்த அதே பரபரப்பு.

வீட்டுக்காரர் உடையப்பன் சென்னையிலிருந்து வந்து கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"வாங்க தம்பி. தங்கச்சி, பாத்து வாங்க, கல்லு வழுக்கும்."

உள்ளே இருட்டு. வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்குத் தூண்கள் மட்டும் நிழலாகத் தெரிந்தன. வௌவால் எச்ச நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை மெல்ல ஓடியது. கிராம்பு. யாரோ இப்போதுதான் வாயில் போட்டு மென்றது போல.

நடு ஹாலில் மேசைமேல் இருந்தது அந்த மைக். சின்ன டிபன் கேரியர் அளவு. சுற்றிலும் கறுத்துப்போன கம்பி வலை.

"எங்க பெரியய்யா பினாங்குலேருந்து கொண்டாந்தது," என்றார் உடையப்பன். "பாட்டுக்காரம்மாக்களை வரவழைச்சு இதுல பாட விட்டுக் கேப்பாக. அவுக சம்சாரம் கண்ணம்மை ஆச்சிக்கு அது ஆகாது. வாயில கிராம்ப மென்னுக்கிட்டு அந்தா அந்தக் கதவுக்குப் பின்னாடியே நிப்பாகளாம். ஒருநா ஆச்சியே இதுக்கு முன்னாடி உக்காந்து என்னமோ பேசியிருக்காக. அன்னைக்கோட சரி, பெரியய்யா யாரையும் பாட விடல. ஆச்சி செத்த பெறகுங்கூட விடல."

"ஏன்?" என்றாள் பிரகதீஸ்வரி.

"ஆச்சி கோவிச்சுக்குவாகன்னு சொல்லுவாகளாம்." அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கோபிநாத் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. முந்தைய வாரமே வந்து மைக்கைப் பழுது பார்த்துவிட்டுப் போயிருந்தான். பழைய மைக் ஒவ்வொன்றும் குரலைத் தன் பாணியில் கேட்கும். கீச்சென்ற முனையை மழுக்கும், அடிக்குரலுக்குச் சூடு ஏற்றும். ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஒலியை அடி முதல் உச்சி வரை ஏற்றி, பழைய மைக்கிலும் இன்றைய மைக்கிலும் ஒரே நேரத்தில் பதிந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாஃப்ட்வேர் படித்துக்கொள்ளும். பிறகு எந்தக் குரலையும் அந்தப் பழைய மைக்கில் பதிந்தது போலவே மாற்றிவிடலாம்.

"இதோட காதை அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள எறக்கிரலாம்ணே. மைக்கு இங்கயே இருக்கட்டும்," என்றான் உடையப்பனிடம்.

ஒலி தரைக்கடியிலிருந்து எழுவதுபோல எழுந்தது. ஏறி ஏறிக் கூரையைத் துளைத்துக்கொண்டு போய் நின்றது.

உடனே அமைதி வரவில்லை.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"பிரகதி, நீ ரெண்டு வரி பாடு. ஒத்துப் பாக்கணும்."

அவள் மைக் முன்னால் நின்று பாடினாள். பாடி முடித்தபோது அவள் காதோரம் சூடாக ஒரு காற்று பட்டது. கிராம்பு நெடி. சட்டென்று திரும்பினாள். உடையப்பன் முற்றத்தில் போன் பேசிக்கொண்டிருந்தார். கோபிநாத் எட்ட உட்கார்ந்து ஹெட்போனுக்குள் மூழ்கியிருந்தான்.

புதுக்கோட்டையில் கீழராஜ வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அவர்கள் வீடு. வீட்டோடு ஒட்டி ஸ்டுடியோ. ஆடித் தள்ளுபடி என்று ஆட்டோவில் ஊரைச் சுற்றுவது பிரகதீஸ்வரியின் குரல்தான். கோயில் பாட்டு, திருமணப் பாட்டு எல்லாம் அவள்தான். ஒரு திருவிழா மேடையில் அவள் பாடியதைக் கேட்டுத்தான் கோபிநாத் பெண் கேட்டு வந்தான். "மொதல்ல ஒன் கொரலைத்தான் கட்டிக்கிட்டேன்," என்று எல்லோர் எதிரிலும் சொல்வான். அவளுக்கு அது பெருமை.

சாஃப்ட்வேர் வேலை முடிந்த அன்று காலையில் அவளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான்.

அவள் பாட்டுத்தான். ஆனால் அத்தனை குழைவு அவள் தொண்டையில் என்றைக்கும் இருந்ததில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு மூச்சு கேட்டது. அதற்குப் பிறகுதான் அவள் மூச்சு.

"இது யாரு மூச்சுங்க?"

"ஒன் மூச்சுதான்."

"எம் மூச்சு எனக்குத் தெரியாதா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு மட்டுமே உரியது என்று அவள் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவன் ஹெட்போனைக் கழற்றுவது குறைந்தது. சாப்பாட்டுத் தட்டும் ஸ்டுடியோவுக்கே போயிற்று. அவள் பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாக அந்தச் சாஃப்ட்வேருக்குள் விட்டு எடுத்தான். ஒருநாள் காபியோடு உள்ளே போனவள், அவன் பாட்டைக் கேட்கவில்லை என்பதைத் திரையில் கண்டாள். பாட்டையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு அந்த மூச்சுகளை மட்டும் கோர்த்து வைத்திருந்தான்.

ஒரு பொம்பளையாக இருந்தால் தெருவில் இறங்கிச் சண்டை போடலாம். இதை என்ன சொல்லிச் சண்டை போடுவது?

"ஏங்க, காபி."

அவன் முகம் சுளித்தான். "என்ன சொன்ன? நீ நேர்ல பேசுனா இப்பல்லாம் சரியாவே கேக்க மாட்டேங்குது."

காது டாக்டரிடம் கூட்டிப் போனாள். காதில் ஒரு குறையும் இல்லை என்றார் அவர். அவர் தணிந்த குரலில் கேட்டதற்கெல்லாம் கோபிநாத் சரியாகப் பதில் சொன்னான். பக்கத்திலிருந்து அவள் கேட்டதற்குத்தான் திரும்பவே இல்லை.

வெளியே வந்து நின்றார்கள். ஜவுளிக்கடை ஆட்டோ ஒன்று எதிரே ஊர்ந்து போனது. அவள் குரல் தெருவை அடைத்தது. பழக்கடைக்காரர் அவளைப் பார்த்துக் கையசைத்தார்.

கோபிநாத் ஆட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் இவன் வெறும் மியூசிக்கை மட்டும் போட்டுட்டுப் போறான்?"

மறுநாள் காலை அவன் குளிக்கப் போனதும் ஸ்டுடியோவுக்குள் போனாள். கம்ப்யூட்டரைத் திறந்து அந்தச் சாஃப்ட்வேரையும் அந்த வீட்டில் பதிந்த எல்லாவற்றையும் தேடித் தேடி அழித்தாள். அழிக்கும்போது, "எம் புருசன்டி அவரு. ஒனக்கு என்னடி இங்க வேலை?" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்திலிருந்த பேக்கப் டிஸ்கையும் விடவில்லை.

அறை முழுக்கக் கிராம்பு மணத்தது.

ஈரத் தலையோடு வந்து நின்றான் கோபிநாத்.

"அழிச்சுட்டேன்," என்றாள் அவள். "எல்லாத்தையும் அழிச்சுட்டேன். கோவம்னா அடிங்க. ஆனா எங்கூடப் பேசுங்க."

அவன் அவள் உதட்டையே பார்த்தான்.

"ஏன் பிரகதி, வாயை மட்டும் அசைக்கிற?"

"ஏங்க..." கத்தினாள். கீழ்வீட்டு நாய் குரைத்தது. "ஏங்க!"

அந்த நாயைத்தான் அவன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

பிறகு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தேடினான். ஒன்றும் இல்லை என்று புரிந்தது. அவன் கத்துவான், எதையாவது தூக்கி எறிவான் என்று சுவரோடு ஒட்டி நின்றாள். அவன் கோபப்படவே இல்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டான். முகம் மலர்ந்தது.

"இந்தா வாரேன்," என்றான்.

எழுந்து பாடும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சத்தம் நுழையாத கனத்த கதவு. உள்பக்கம் தாழ் விழுந்தது.

அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். உள்ளே அவன் மட்டும். எதிரே பாடகிக்குப் போட்டிருந்த காலி நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். திரையில் அவன் மைக்கின் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. ஸ்பீக்கரைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள்.

"வெளியிலயா?" அவன் குரல் கேட்டது. கண்ணாடியில் முகம் பதித்து நின்ற அவளை நேராகப் பார்த்தான். பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று. "வெளியில யாருமில்லையே. நீ சொல்லு."

சொல்லிவிட்டு நிறுத்தினான்.

அவன் கோடு அடங்கியது. ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. திரையில் அதற்குக் கீழே, எந்த மைக்கும் செருகப்படாத இரண்டாவது கோடு மெல்ல எழுந்து ஆடத் தொடங்கியது.