அச்சமானி காட்டிய பச்சை

குழிக்குள் இறங்கும்போது தேசப்பனின் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. மணிக்கட்டில் கட்டியிருந்த அச்சமானி மட்டும் சமர்த்தாகப் பச்சை காட்டியது. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே அவன் செருகியிருந்த ரப்பர் துண்டு செய்த வேலை அது.

இயந்திரக் கை நுழையாத வடசென்னையின் பழைய சாக்கடைகளுக்கு இன்னும் ஆள்தான் வேண்டியிருந்தது. விஷவாயுவை மூளைக்கு முன்னால் உடம்பு அறிந்துவிடும் என்று கண்டுபிடித்த நிபுணர்கள், முகமூடியை நிறுத்திவிட்டு இந்தப் பட்டையைக் கட்டினார்கள். வியர்வையில் பயம் தெரிந்தால் பட்டை சிவக்கும். உடனே மேலிருக்கும் இழுபொறி கயிற்றைச் சுருட்டி ஆளைத் தூக்கிவிடும்.

அருமையான யோசனைதான். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகும் தொழிலில், ஆம்பளை என்ற பெயர் ஒன்றுதான் இவர்களுக்கு மிச்சம் என்பது நிபுணர்களுக்கு எப்படித் தெரியும்? சிவந்து மேலே வந்தவனுக்குக் கூட்டாளிகள் அன்றைக்கே பிளாஸ்டிக் வளையல் மாட்டிவிடுவார்கள்.

ஒருமுறைகூடச் சிவக்காத தேசப்பனுக்குக் கருங்கல் என்று பட்டப்பெயர். கூட்டாளி ஒருவன் குழியில் செத்ததிலிருந்து கருங்கல்லுக்குத் தூக்கமில்லை.

இன்று தேசப்பனோடு இறங்கிய மோசே, அவன் மனைவியின் தம்பி. அவனும் பச்சைதான்.

"முட்ட அழுகின நாத்தம் திடீர்னு நின்னுபோச்சே, மாமா."

தேசப்பனுக்கும் அதுதான் உறுத்தியது. வாயு கூடினால் மூக்கு மரத்துப்போகும். ஆனால் மோசேயே பச்சையாக நிற்கும்போது, தான் எந்த மூஞ்சியோடு ஏறுவது?

"பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம். உனக்கு?"

"வேலயப் பாரு."

கொஞ்ச நேரத்தில் மோசே சரிந்து விழுந்தான். அவன் பட்டை பச்சையாகவே இருந்தது.

"அவனத் தூக்குங்கடா" என்று கத்தினான் தேசப்பன். சிவப்புக்கு மட்டுமே அசையும்படி பூட்டிய பொறியை மேலிருந்தவர்களால் அசைக்க முடியவில்லை. "பணியாளர் அச்சமின்றி இருக்கிறார்" என்றது அது நிதானமாக.

தேசப்பன் மோசேயின் பட்டையை நெம்பினான். அடியில் அதே மாதிரி ஒரு ரப்பர் துண்டு. அதை உருவிய பிறகும் நிறம் மாறவில்லை. மயங்கிக் கிடப்பவனுக்கு ஏது பயம்? மச்சானை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தன் ரப்பரைப் பல்லால் இழுத்துத் துப்பினான். பட்டை சிவந்தது. கயிறு இருவரையும் சேர்த்துத் தூக்கியது.

மோசே பிழைத்துக்கொண்டான். கடைசிவரை பச்சை மாறாததற்காக அவனுக்குப் பாராட்டும் குழுத்தலைவர் பதவியும் கிடைத்தன. தேசப்பனுக்கோ, மேலே நின்று கயிறு பார்க்கும் வேலையும் இரண்டு வளையல்களும். ரப்பரைப் பற்றி அவன் சொன்னதைத் தோற்றவன் சாக்கு என்று தள்ளிவிட்டார்கள்.

மோசே வேலைக்குத் திரும்பிய அன்று, குழி வாயில் இறங்கப்போகிற எல்லோர் மணிக்கட்டிலும் பச்சை. "பாதுகாப்பானது, இறங்கலாம்" என்றது இழுபொறி. ஒரு காலை உள்ளே வைத்த மோசே நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, உனக்குப் பயம் வந்தா சொல்லு. நான் ஏறிடறேன்."

"இப்பவே பயமாத்தான்டா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். மோசே சிரிக்கவில்லை. காலை வெளியே எடுத்தான். தேசப்பனின் கையைப் பிடித்து ஒரு வளையலைக் கழற்றி, தன் அச்சமானிக்குப் பக்கத்தில் தானே மாட்டிக்கொண்டான்.